கட்டைவிரல் பள்ளம்

அந்த அலுவலகத்தின் பெயர்ப்பலகையை ஒரே மூச்சில் படித்து முடித்தவர் இதுவரை யாருமில்லை. 'தேசிய உற்பத்தித் தர மேம்பாடு மற்றும் உலகப் போட்டித்திறன் ஊக்குவிப்பு இயக்ககம்' என்று மூன்றாவது மாடியில் இந்தச் சுவரில் ஆரம்பித்து அந்தச் சுவர் வரை ஓடும். நாட்டில் செய்கிற ஆணி முதல் அண்டா வரை எல்லாவற்றையும் உலகத்தோடு போட்டி போட வைப்பது அவர்கள் வேலை. எட்டு வருஷமாக வைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் சரிதான், அந்த மாடியில் கழிப்பறைக் கதவுக்கு மட்டும் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே போனவர் விடாமல் இருமிக்கொண்டிருக்க வேண்டும். இருமல் நின்றால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம், யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். இயக்குநர் உள்ளே போனால் அவருக்காகப் பியூன் வெளியே நின்று இருமுவார். பதவி என்றால் சும்மாவா?

இதெல்லாம் நம்ம தாழ்ப்பாள்காரருக்கு எப்படித் தெரியும் என்றால், மனிதர் அந்த மாடி பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். பித்தளைத் தாழ்ப்பாள் செய்கிற சின்னப் பட்டறை அவருடையது. அண்ணன் ஆரம்பித்தது. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு இவர் பார்த்துக்கொள்கிறார். ஏழு பேருக்கு வேலை. அதில் ஒருத்தர் அவருடைய அண்ணி. வார்த்து வருகிற பித்தளையை அரத்தால் ராவி வழுவழுப்பாக்கும் பெஞ்சு அண்ணியுடையது. அந்தப் பட்டறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. இயக்ககத்தில் இருக்கும் 'உலகத்தர மாதிரி'யோடு ஒப்பிட்டு நூற்றுக்கு எண்பது மார்க் வாங்காத தாழ்ப்பாளை வருகிற முப்பதாம் தேதிக்குமேல் யாரும் விற்கக்கூடாது. மீறினால் பட்டறைக்குப் பூட்டு. தாழ்ப்பாள் பட்டறைக்கே பூட்டா என்று சிரிக்கலாம்தான். ஏழு குடும்பத்தின் அடுப்பு சம்பந்தப்பட்டிருந்ததால் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் அந்த இருமல் கச்சேரியைப் பொறுக்க முடியாமல், பையில் முத்திரை குத்தாமல் கிடந்த ஒரு தாழ்ப்பாளை எடுத்து, ஸ்குரூ டிரைவரைப் பியூனிடமே வாங்கி, கழிப்பறைக் கதவில் அவரே பொருத்திவிட்டார். பத்து நிமிஷ வேலை.

பியூனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, நாலு வருஷமா அடுத்தவருக்காக இருமி இருமி என் நெஞ்சே புண்ணாப் போச்சு. நீங்க நல்லா இருப்பீங்க" என்றவர், அன்றைக்கே அவரை உள்ளே அனுப்பிவைத்தார்.

உள்ளே அளவை அதிகாரி இருந்தார். தேங்காய் விழுந்தால்கூட எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்று குறித்துவைக்கிற ஜாதி மனிதர். கைக்கு வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, இரண்டு சாவி போட்டு ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். சிவப்பு வெல்வெட்டின் மேல் ஒரு தாழ்ப்பாள் படுத்திருந்தது.

"இதுதான் உலகத்தர மாதிரி. தொடாதீங்க. மூச்சைக்கூட அந்தப் பக்கமா விடுங்க."

தாழ்ப்பாள்காரர் குனிந்து பார்த்தார். பிடியில் ஒரு கப்பல் முத்திரை. கப்பலுக்குக் கீழே வெளிநாட்டு எழுத்தில் இரண்டு வார்த்தை. பார்த்தவருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆகிவிட்டது. ஏனென்றால் அது அவர் பட்டறையில் செய்தது.

கதை இதுதான். பதினைந்து வருஷம் முன்னால், அண்ணன் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அண்ணன் காலத்தில் தாழ்ப்பாளில் குருவி முத்திரை குத்துவார்கள். குருவி முத்திரைச் சரக்கைக் கடைக்காரர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ளூர்ச் சரக்கா? வெளிநாட்டுப் பேர் இருந்தா வைங்க, இல்லன்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். பட்டறையில் ஸ்குரூ போட்டுவைக்கிற பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. வெளிநாட்டு டின், மூடியில் ஒரு கப்பல் படம், கீழே கம்பெனிப் பேர். தாழ்ப்பாள்காரர் அதைக் கொண்டுபோய்க் காட்டி அதே மாதிரி முத்திரை அச்சு வெட்டி வாங்கி வந்தார். குருவி அச்சைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கப்பலைக் குத்த ஆரம்பித்தார். சரக்கு பறந்தது. அண்ணி அப்போது ஒரே வார்த்தைதான் சொன்னார்: "உங்க அண்ணன் பேரை எடுத்துட்டு பிஸ்கட் டின் பேரை வெக்கிறீங்களே, தம்பி." குத்தும்போதெல்லாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மூன்று வருஷத்தில் இவருக்கே மனம் தாங்காமல் கப்பலை நிறுத்திவிட்டுக் குருவிக்குத் திரும்பினார். அந்த மூன்று வருஷத்தை வீட்டில் யாரும் பேசுவதில்லை.

அந்த மூன்று வருஷச் சரக்கில் ஒன்றுதான் இப்போது வெல்வெட்டில் படுத்திருந்தது.

அளவை அதிகாரி குருவித் தாழ்ப்பாளை அளந்து முடித்தார். "முப்பத்தோரு மார்க்" என்றார். "உங்க சரக்குல பெருவிரல் அமர்வுக் குழிவு இல்ல."

"அப்படின்னா என்னங்க?"

"மாதிரியோட பிடியில கட்டைவிரல் பதியிற இடத்துல ஒரு பள்ளம் இருக்கு பாருங்க. அதைப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன். கதவைச் சாத்துற மனுஷனோட விரலுக்கு வெளிநாட்டுக்காரன் குடுக்கிற மரியாதைங்க அது! நமக்கு இந்த ஜென்மத்துல தோணுமா?"

அந்தப் பள்ளம் எப்படி வந்தது என்பது உலகத்திலேயே இரண்டு பேருக்குத்தான் தெரியும். அந்தக் காலத்தில் தாழ்ப்பாள்காரருடைய வார்ப்பு அச்சில் ஒரு கோளாறு. வார்க்கும்போது பிடியில் அந்த இடத்தில் காற்றுக் குமிழ் விழுந்து ஓட்டையாகிவிடும். ஓட்டைச் சரக்கை உருக்கிப்போட மனம் வராமல், அண்ணி ஓட்டையைச் சுற்றி ராவி ராவி ஒரு பள்ளமாக்கி மறைத்துவிடுவார். பிறகு இவர் அச்சைச் சரிசெய்தார். ஓட்டை நின்றது, பள்ளமும் நின்றது. இப்போது ஓட்டை இல்லாததற்கு மார்க்கைக் குறைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னார். அண்ணி முதலில் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார்.

"நான் மறைச்ச ஓட்டையைக் கண்ணாடிக்குள்ள வெச்சுக் கும்பிடறாங்களா? போய் உள்ளதைச் சொல்லிடுங்க தம்பி."

"எப்படி அண்ணி சொல்றது? கப்பல் முத்திரையை யார் குத்தினதுன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்கதான். குத்தினது நீங்கதானே?"

அவரால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அண்ணியும் அதற்குமேல் நெருக்கவில்லை. அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பத்துத் தாழ்ப்பாளில் பழையபடி பள்ளம் ராவிக் கொடுத்தார். நல்ல பித்தளையில், ஓட்டையே இல்லாத இடத்தில்.

அளவை அதிகாரி அந்தப் பத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். எழுபத்தொன்பது மார்க்.

"ஒரு மார்க்தானே சார்..."

"ஒரு மார்க்னா ஒரு மார்க். பள்ளத்துக்குள்ள ராவின கோடு மாதிரியில வலப்பக்கமா சாயுது. உங்களுது இடப்பக்கமா சாயுது. இதெல்லாம் வெளிநாட்டுக்காரன் கணக்குப் போட்டுச் செஞ்சதுங்க. நீங்க சும்மா கண்ணை மூடிக்கிட்டுக் காப்பி அடிச்சிருக்கீங்க."

கணக்கு ஒன்றும் இல்லை. அண்ணியின் வலது மணிக்கட்டு தேய்ந்துபோய் மூன்று வருஷமாகிறது. இப்போது இடது கையால் ராவுகிறார். அந்தக் கை தேய ஆரம்பித்ததே இவர்கள் அளந்துகொண்டிருக்கிற அந்தப் பள்ளங்களை ராவித்தான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தாழ்ப்பாள்காரர் நேராக இயக்குநர் அறைக்குப் போனார்.

இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். புதுத் தாழ்ப்பாள் வந்த பிறகு கழிப்பறையில் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடிகிறது. "வாங்க வாங்க, பிஸ்கட் எடுத்துக்குங்க" என்று ஒரு டின்னை நீட்டினார். மூடியில் கப்பல். கீழே அதே இரண்டு வார்த்தை.

"இந்த... டின்னு..."

"ஓ, அதைக் கேக்கறீங்களா? போன வருஷம் எங்க குழு ஒன்பது பேர் பன்னெண்டு நாள் அந்த நாட்டுக்கே போனோம், நம்ம உலகத்தர மாதிரியைச் செஞ்ச தொழிற்சாலையைப் பார்க்க. இதே முத்திரை, இதே பேர். உள்ள போனா எல்லா இடத்துலயும் பிஸ்கட்டு! மாவு பிசையறான், சுடறான், டின்ல அடுக்கறான். தாழ்ப்பாள் எங்கேன்னு கேட்டோம். 'தாழ்ப்பாளா? நாங்க எழுபது வருஷமா பிஸ்கட்தான் செய்யறோம்'னு சத்தியம் பண்றாங்க. பார்த்தீங்களா சாமர்த்தியத்தை?"

"என்ன சாமர்த்தியங்க?"

"தொழில் ரகசியம்யா! தாழ்ப்பாள் எப்படிச் செய்யறதுன்னு வெளியே தெரியக்கூடாதுன்னு தொழிற்சாலை முழுக்க பிஸ்கட்டைப் போட்டு மறைச்சு வெச்சிருக்கான். அதுதான் போட்டித்திறன். நம்ம ஆளுங்களா இருந்தா நாலு பேரைக் கூட்டிட்டு வந்து பட்டறையைத் திறந்து காட்டிட்டு நிப்பாங்க. அறிக்கையில அழுத்தமா எழுதியிருக்கேன்."

தாழ்ப்பாள்காரர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அய்யா, அந்தத் தாழ்ப்பாள் பதினஞ்சு வருஷம் முன்னாடி எங்க பட்டறையில செஞ்சது. பள்ளத்தை ராவினது எங்க அண்ணி. முத்திரை குத்தினது நான்" என்றார். பதினைந்து வருஷத்தில் வெளி மனிதர் ஒருவரிடம் முதல்முறையாகச் சொல்கிறார்.

இயக்குநர் கோபப்படவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"செஞ்சிருக்க முடியாது. எங்க அறிக்கைப்படி இப்படி ஒரு தாழ்ப்பாள் செய்ய இந்த நாட்டுக்கு இன்னும் பதினாலு வருஷம் ஆகும். நீங்க பதினஞ்சு வருஷம் முன்னாடியே செஞ்சுட்டீங்கன்னா அறிக்கை என்னத்துக்கு ஆகும்? இதோ பாருங்க, நம்ம ஆளுங்க செஞ்சா தரம் வராது. தரம் வந்துட்டா அது நம்ம ஆளுங்க செஞ்சதா இருக்காது. இதுதான் இயக்ககத்தோட அடிப்படைக் கொள்கை. சுவத்துல மாட்டியிருக்கோம், வார்த்தை மட்டும் கொஞ்சம் நாகரிகமா இருக்கும்."

"எங்க அண்ணியைக் கூட்டிட்டு வரேன். இங்கயே ராவிக் காட்டச் சொல்றேன்."

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "சரி, நீங்கதான் செஞ்சீங்கன்னே வெச்சுக்குவோம். அப்போ அந்தக் கப்பல் முத்திரை மோசடி. உங்களை உள்ள தூக்கிப் போடணும். அண்ணியையும் சேர்த்துத்தான். உங்களை நல்லவர்னு நான் நம்பறதாலதான் நீங்க செய்யலைன்னு சொல்றேன். எது வேணும்? யோசிச்சுச் சொல்லுங்க."

தாழ்ப்பாள்காரர் யோசித்தார் என்று சொல்லத்தான் ஆசை. அவர் யோசிக்கவே இல்லை. "நான் செய்யலைங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அப்பாடா என்றும் இருந்தது. அந்த 'அப்பாடா'வை நினைத்து நினைத்துத்தான் பிற்பாடு மனிதர் கூனிக் குறுகிப்போனார்.

"அப்படி வாங்க வழிக்கு" என்று இயக்குநர் இன்னொரு பிஸ்கட்டை நீட்டினார். "அந்த ஒரு மார்க்குக்கு வழி இருக்கு. 'வெளிநாட்டுத் தொழில்நுட்ப உள்வாங்கல் திட்டம்'னு வெச்சிருக்கோம், ரெண்டு வருஷமா ஒருத்தரும் சேரலை. நீங்க சேருங்க. உங்க அண்ணிக்கு அஞ்சு நாள் பயிற்சி. முடிஞ்சதும் விழா. மேடையில நாங்க எழுதிக் குடுக்கறதை நீங்க படிக்கணும். சான்றிதழ் கைக்கு வந்துடும்."

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். வெண்ணெய் கடைந்தவளுக்கே வெண்ணெய் என்றால் என்ன என்று ஐந்து நாள் வகுப்பு எடுத்த கதை இது. வகுப்பு எடுத்தது அளவை அதிகாரி. அதுவரை அவர் அரத்தைத் தொட்டதில்லை. அதன் நீளத்தை மட்டும் அளந்திருக்கிறார். நாற்பது பக்கத்தைப் பார்த்துப் பார்த்து, "அரத்தை இப்படிப் பிடிக்கணும்மா. பயப்படாதீங்க. வெளிநாட்டு முறை, வரவர வந்துடும்" என்றார். அண்ணி வீங்கின வலது மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

தாழ்ப்பாள்காரரிடம் அண்ணி ஒன்றும் கேட்கவில்லை. அவர்தான் நான்காம் நாள் வழியில் தானாகச் சொன்னார். "ஏழு குடும்பம் அண்ணி. வேற வழி தெரியல."

"தெரியும் தம்பி. நான் எதுவும் சொல்லலையே."

சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

இருபத்தொன்பதாம் தேதி விழா. முதல் வரிசையில் ஒன்பது பேர், பன்னிரண்டு நாள் பிஸ்கட் பார்த்தவர்கள். ஒரு மணி நேரம் தாமதமாக வந்த இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"தரம்னா என்னன்னு நிறையப் பேர் கேக்கறாங்க. நான் சொல்றேன். எங்க மாடியில கழிப்பறைக் கதவுக்குச் சமீபத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்காங்க. எங்கிருந்து இறக்குமதி ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா அதைத் தள்ளும்போது ஒரு சத்தம் வருமா? வராது! வெண்ணெய் மாதிரி போகும். உள்ள உட்கார்ந்து தினமும் நினைச்சுக்குவேன், இந்த மாதிரி ஒண்ணை நம்ம ஆளு என்னைக்குச் செய்யப்போறான்னு. சொன்னா நம்ப மாட்டீங்க, சில நாள் கண் கலங்கிடும்."

கைதட்டல் எழுந்தது. பின்னால் நின்ற பியூன் மட்டும் தாழ்ப்பாள்காரரைப் பார்த்து, பார்த்த வேகத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் ஒரு குடும்பம் இருந்தது.

பிறகு தாழ்ப்பாள்காரரை மேடைக்கு அழைத்தார்கள். பக்கத்தில் 'பயிற்சி பெற்ற தொழிலாளி' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அண்ணி. தாழ்ப்பாள்காரர் காகிதத்தைப் பிரித்துப் படித்தார்.

"இத்திட்டத்துக்கு முன்பு எங்கள் கைகளுக்கு எதுவும் தெரியாது. தரம் என்பது எங்கள் பட்டறைக்குள் வந்ததே இல்லை. எங்கள் முன்னோர் செய்தவை அனைத்தும் குறையுள்ளவை. எங்களுக்குக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்த இயக்ககத்துக்கு..."

'முன்னோர்' என்ற இடத்தில் அண்ணனின் முகம் வந்து நின்றது. குரல் உடைந்தது. நன்றியால் உடைந்தது என்று எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தார். அண்ணியும் கைதட்டிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு வலிக்குமே என்று, இடது கையால் வலது கையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கினவர் நேராக அந்த மூன்றாவது மாடிக் கழிப்பறைக்குப் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளினார். இயக்குநர் சொன்னது பொய்யில்லை, சத்தமே இல்லாமல் வெண்ணெய் மாதிரி போனது. அந்தக் கட்டடத்திலேயே கப்பலும் மார்க்கும் இல்லாமல் அவர் கைவேலை இருந்த இடம் அது ஒன்றுதான். அங்கே நின்று சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். அசிங்கமாக இருந்தது. ஐம்பது வயசு மனுஷன் கழிப்பறைக்குள் நின்று அழுவது என்னத்துக்கு ஆகும்! வெளியே யாரோ தட்டினார்கள். அந்த மாடியின் பழக்க தோஷத்தில் இருமினார்.

முப்பதாம் தேதி காலையில் பட்டறைச் சுவரில் சான்றிதழ் ஏறிவிட்டது. பூட்டு வரவில்லை. ஏழு பேரும் வேலைக்கு வந்திருந்தார்கள். இயக்ககத்திலிருந்து ஒரு சின்னப் பெட்டியும் வந்திருந்தது. உள்ளே புது அச்சு ஒன்று, கூடவே ஒரு கடிதம். திட்டத்தில் சேர்ந்த பட்டறைகள் இனிமேல் இந்த அச்சைத்தான் குத்த வேண்டும், வேறு எந்த முத்திரையும் கூடாது. அச்சைத் திருப்பிப் பார்த்தார். 'வெளிநாட்டுத் தொழில்நுட்பம்' என்று வட்டமாக எழுத்து. நடுவில், உலகத்தர மாதிரிக்கு மரியாதையாக, ஒரு கப்பல்.

பெஞ்சில் குருவி அச்சு இருந்தது. அண்ணி அதை எடுத்துத் துணியால் துடைத்தார். பழையபடி பெட்டிக்குள் போடவில்லை. தன்னுடைய சாப்பாட்டுப் பைக்குள் வைத்துப் பையின் வாயைக் கட்டினார்.

தாழ்ப்பாள்காரர் சுத்தியலை எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி எடுத்தார். அண்ணி எழுந்துபோய் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தார். அண்ணி திரும்பவில்லை. முதல் தாழ்ப்பாளைத் தானே எடுத்துப் பட்டறைக் கல்லின் மேல் வைத்து, அசையாமல் இடது கையால் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணை நேராகப் பார்த்தார்.

"அடிங்க தம்பி. போன தடவை திருட்டுத்தனமா அடிச்சோம். இந்தத் தடவை சட்டப்படி அடிக்கிறோம். அவ்வளவுதானே?"

கை தப்பி, தன் விரலிலாவது விழாதா என்று வேண்டிக்கொண்டுதான் ஓங்கினார். ஒரே அடி. கப்பல் நட்டநடுவில், துளி கோணல் இல்லாமல், அழகாக விழுந்திருந்தது.